அசோலா தொட்டித் தண்ணீரும் குடுவைச் செடியும்



இந்த முறை ஒரு திருத்தத்தோடு ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. போன வருடம் இதே செய்திமடலில் அசோலா வளர்ப்பு பற்றி எழுதியபோது, "பத்து நாளைக்கு ஒருமுறை தொட்டியிலிருந்து எடுக்கும் தண்ணீரை வீணாக்காதீர்கள், அது நல்ல உரம், எந்தச் செடிக்கும் ஊற்றலாம்" என்று எழுதியிருந்தேன். தக்காளிக்கு ஊற்றலாம், கத்தரிக்கு ஊற்றலாம், வாழைக்கும் ரோஜாவுக்கும் ஊற்றலாம். "எந்தச் செடிக்கும்" என்று எழுதியதுதான் தப்பு. அந்த இரண்டு வார்த்தையை நம்பி, ஏற்காடு அடிவாரத்தில் நர்சரி வைத்திருக்கும் நமது குழு ஒன்று 17 செடிகளை இழந்தது. ஒரு செடி 350 ரூபாய். கணக்குப் போட்டால் 5,950 ரூபாய். குழுவின் உள்கடனில் வாங்கிய பணம்.

அதனால் இந்தக் கட்டுரையில் தண்ணீர்மேல் மிதக்கும் செடிகளையும், பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறோம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரண்டுமே ஈரத்தை விரும்புகிறவை. அந்த ஒரு ஒற்றுமையை வைத்துத்தான் நாங்கள் ஏமாந்தோம்.

நடந்தது இதுதான். மலைக்குப் போகிற காரெல்லாம் அந்தக் குழுவின் நர்சரி வாசலில் நிற்கும். ரோஜா, செம்பருத்தி, குரோட்டன்ஸ் எல்லாம் எல்லா இடத்திலும் கிடைக்கிறது, புதுசாக ஏதாவது வைக்கலாம் என்று ஐந்து பேர் சேர்ந்து 8,400 ரூபாய் உள்கடன் எடுத்து, பெங்களூர் பக்கமிருந்து 24 குடுவைச் செடி வாங்கி வந்தார்கள். இலை நுனியில் சின்னச் சின்னக் குடுவை தொங்க, பார்க்கவே ஆசையாக இருந்தது. "என்ன கண்ணு இது, செடி பூச்சி திங்குமா?" என்று ஊரே வந்து பார்த்தது. 600 ரூபாய்க்கு விற்கலாம் என்று திட்டம்.

நர்சரியில் எந்தச் செடி வந்தாலும் நாம் என்ன செய்வோம்? வந்த சின்னத் தொட்டியிலிருந்து எடுத்து, செம்மண், மணல், தொழு உரம் கலந்த கலவையில் மாற்றி வைப்போம். அதைச் செய்தார்கள். தினமும் போர் தண்ணீர் விட்டார்கள். பத்து நாளைக்கு ஒருமுறை, விலையுள்ள செடி ஆயிற்றே என்று, அசோலா தொட்டித் தண்ணீரை ஆளுக்கு ஒரு சொம்பு ஊற்றினார்கள். நான் அங்கே போயிருந்தேன், பார்த்தேன், "நல்லா பாத்துக்கறீங்க அக்கா" என்று பாராட்டிவிட்டும் வந்தேன். சமூகப்பணி படித்தவளுக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் அன்றைக்குப் பதில் இல்லை.

மூன்றாவது வாரம் புதிதாக வந்த குடுவை மொட்டெல்லாம் கறுத்தது. அப்புறம் இலை ஓரம் தீய்ந்தது. "தண்ணி பத்தலையோ" என்று இன்னும் அதிகமாக ஊற்றினார்கள். நாற்பது நாளில் பாதிச் செடி போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்துக் குழைந்து கையோடு வந்தது.

மிதக்கும் செடி எப்படிச் சாப்பிடுகிறது

முதலில் நமக்குத் தெரிந்த அசோலாவை எடுத்துக்கொள்வோம். அசோலா ஒரு பெரணி வகை. மண்ணில் வேர் விடாது, வேர் தண்ணீருக்குள் தொங்கும். வேண்டிய சத்தை எல்லாம் தண்ணீரிலிருந்துதான் உறிஞ்ச வேண்டும். அதன் இலைக்குள் சின்னக் குழி இருக்கிறது. அந்தக் குழிக்குள் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து அசோலாவுக்குக் கொடுக்கும். அதனால்தான் அசோலாவில் புரதம் அதிகம், அதனால்தான் அது மாட்டுக்கு ஆகிறது. ஈரத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் காய்ந்த எடையில் நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் புரதம் இருக்கும்.

தழைச்சத்து வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. மணிச்சத்து அப்படி இல்லை, வெளியிலிருந்து நாம்தான் போட வேண்டும். சூப்பர் பாஸ்பேட் எதற்கு என்று கூட்டத்தில் அடிக்கடி கேட்கிறீர்களே, இதற்குத்தான். போடாவிட்டால் அசோலா சிறுத்து, சிவந்து, வேர் நீண்டு போகும். வெயில் அதிகமானாலும் சிவக்கும். ஆகவே சிவந்தவுடன் பாஸ்பேட்டை அள்ளிப் போடாமல், மேலே நிழல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தொட்டி முறை தெரியாத புதிய குழுக்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், ஆழம் 20 சென்டிமீட்டர். செங்கலை நிறுத்தி வைத்து, மேலே சில்பாலின் ஷீட் விரித்தால் போதும். சலித்த வளமான மண் 10 முதல் 15 கிலோ பரப்பி, 2 கிலோ பச்சைச் சாணமும் 30 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, தண்ணீர் 10 சென்டிமீட்டர் நிற்கும்படி விட வேண்டும். அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை விதை அசோலா தூவினால் இரண்டு வாரத்துக்குள் தொட்டி மூடிக்கொள்ளும். பிறகு தினமும் அரை கிலோ, நன்றாக வந்தால் அதற்கும் கொஞ்சம் கூட எடுக்கலாம். ஐந்து நாளைக்கு ஒருமுறை ஒரு கிலோ சாணமும் 20 கிராம் பாஸ்பேட்டும் கரைத்து விட வேண்டும். பத்து நாளைக்கு ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர். மாதம் ஒருமுறை 5 கிலோ மண்ணை எடுத்துவிட்டுப் புது மண். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் காலி செய்து, கழுவி, மறுபடி முதலிலிருந்து. கன்னியாகுமரியில் உள்ள விவேகானந்த கேந்திரத்தின் நார்டெப் இதைக் கால்நடைத் தீவனமாகப் பரப்பியதில் முன்னோடி.

எடுத்த அசோலாவை நல்ல தண்ணீரில் நன்றாக அலசித்தான் மாட்டுக்குப் போட வேண்டும். சாண வாடை இருந்தால் மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். முதலில் ஒரு கைப்பிடி, தவிட்டோடு கலந்து. பழகிய பிறகு கூட்டிக்கொள்ளலாம். பால் எவ்வளவு கூடும் என்பது மாட்டுக்கு மாடு மாறும். யாராவது இத்தனை லிட்டர் கூடும் என்று அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

நம் பக்கத்து வெயில்தான் அசோலாவுக்கு எதிரி. சித்திரை, வைகாசியில் நிழல்வலையோ தென்னங்கீற்றோ இல்லாமல் தாங்காது. பாதி நிழல் போதும், முழு இருட்டும் ஆகாது. தண்ணீர் கையில் சுடுகிறதென்றால் அசோலாவுக்கும் சுடுகிறது.

மற்ற மிதக்கும் செடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் ஆகாயத்தாமரை என்று இரண்டு செடியைச் சொல்கிறோம். ஒன்று சின்ன முட்டைகோஸ் போல, இலை வெல்வெட் மாதிரி இருக்கும். இன்னொன்று தண்டு பலூன் போல உப்பி, ஊதாப் பூ பூக்கும், வெங்காயத்தாமரை என்றும் சொல்வார்கள். இரண்டும் சாக்கடை கலந்த தண்ணீரில்தான் செழிக்கும், ஏனென்றால் அங்கேதான் அவற்றுக்குச் சாப்பாடு. ஏரியில் வெங்காயத்தாமரை மூடியிருந்தால், அந்த ஏரியில் என்ன கலக்கிறது என்று பஞ்சாயத்தில் கேட்க வேண்டிய நேரம் அது.

அழகுக்காகச் சட்டியில் வைத்து விற்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீதியானதை வாய்க்காலில் வீசவே கூடாது. வெங்காயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அழகுச் செடியாக நாடு விட்டு நாடு கொண்டுபோனதுதான், இன்று உலகம் முழுக்க ஏரிகளை அடைத்துக்கொண்டிருக்கிறது. முட்டைகோஸ் மாதிரிச் செடியின் வேரில் ஒருவகைக் கொசுப்புழு ஒட்டிக்கொண்டு, வேரிலிருந்தே மூச்சு விடும், மேலே வராது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு அது. கேரளாவில் சேர்த்தலா பக்கம் அந்த நோயைக் கட்டுப்படுத்த 1980-களில் இந்தச் செடியைக் குளம் குளமாக அகற்றினார்கள். சட்டியில் வைத்தாலும் வாரம் ஒருமுறை தூக்கி, வேரை அலசி, தண்ணீரை மாற்றுங்கள். அதிகமானதை வெயிலில் நன்றாகக் காயவைத்து எருக்குழியில் போட்டுவிடலாம்.

குடுவைச் செடி எப்படிச் சாப்பிடுகிறது

இப்போது மற்றதற்கு வருவோம். குடுவைச் செடியின் ஊர், மழை பெய்து பெய்து மண்ணில் இருந்த சத்தெல்லாம் கரைந்து போன இடம். தென்கிழக்கு ஆசியாவில் பிலிப்பைன்ஸ், மலேசியா, இந்தோனேசியா பக்கம் நிறைய வகை உண்டு. இலங்கையின் மழைக்காட்டில் ஒரு வகை இருக்கிறது. இந்தியாவில் மேகாலயாவில் காசி, காரோ மலைகளில் ஒரு வகை. அங்கெல்லாம் வேருக்குச் சாப்பாடு கிடைக்காது. அதனால் அந்தச் செடி வேரை நம்புவதை விட்டுவிட்டு, இலையை வயிறாக்கிக்கொண்டது.

குடுவை என்பது பூ அல்ல, காயும் அல்ல. இலையின் நுனி நீண்டு, கொடிச்சுருள் போலத் தொங்கி, அதன் முனை உப்பிக் குடுவையாகிறது. மேலே ஒரு மூடி. அது மழைத்தண்ணீர் அதிகம் விழாமல் பார்த்துக்கொள்ளும், பூச்சி வந்ததும் டப்பென்று மூடாது. சிலர் அப்படிச் சொல்லி விற்கிறார்கள், பொய். விளிம்பில் இனிப்பு சுரக்கும், விளிம்பு வழுக்கும். எறும்பு தேனுக்கு வந்து சறுக்கி உள்ளே விழும். உள்ளே இருக்கும் நீரில் செரிக்க வைக்கும் சாறு இருக்கிறது. எறும்பின் உடம்பிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் இலை வழியாகச் செடிக்குப் போய்ச் சேரும்.

அப்படியானால் வேர் எதற்கு? தண்ணீர் குடிக்கவும், செடியைப் பிடித்து நிறுத்தவும். மெல்லிசான கறுப்பு வேர், சீக்கிரம் ஒடியும். அந்த வேரில் போய்ச் சாணமும் பாஸ்பேட்டும் கலந்த தண்ணீரை ஊற்றினால் என்னாகும்? பச்சைக் குழந்தைக்குப் பிரியாணி ஊட்டின கதைதான். பிரியாணியில் குற்றமில்லை.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. செத்த செடியைப் பையில் போட்டுக்கொண்டு அவரிடம் போனேன். அவர் வேரைப் பார்க்கவில்லை, முதலில் "உங்க ஊர் தண்ணில குண்டான் அடியில வெள்ளையா படியுமா?" என்று கேட்டார். படியும். நம்ம ஊர் போர் தண்ணீரில் குண்டானைத் தேய்த்துத் தேய்த்துக் கை போனதுதான் மிச்சம். அவர் ஒரு பேனா அளவு டிடிஎஸ் மீட்டரோடு நர்சரிக்கே வந்தார். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி அது. போர் தண்ணீர் 1,140 காட்டியது. அசோலா தொட்டி அதற்கும் மேலே போனது. ஓட்டிலிருந்து அண்டாவில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீர் 22. குடுவைச் செடிக்கு 50-க்குக் கீழே இருந்தால் நல்லது என்றார். அசோலா கொஞ்சம் உப்பைப் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது. நாம் ஊற்றின தண்ணீர் வற்ற வற்ற உப்பு மட்டும் தொட்டியில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகிறது. தண்ணீர் பத்தவில்லை என்று மேலும் மேலும் ஊற்றியது, உப்பை மேலும் மேலும் ஏற்றியதாகத்தான் முடிந்தது.

மிச்சமிருந்த செடிகளை அன்றைக்கே பிடுங்கினோம். வேரை மழைத்தண்ணீரில் மெதுவாக அலசி, அழுகிய வேரை வெட்டிவிட்டு, மண்ணே இல்லாத கலவையில் வைத்தோம். தேங்காய் மட்டையைச் சின்னத் துண்டுகளாக வெட்டியது இரண்டு பங்கு, உடைத்த அடுப்புக்கரி ஒரு பங்கு. அவ்வளவுதான். மட்டைத் துண்டை அப்படியே போடக் கூடாது, அதிலும் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி ஊறவைத்து, சாயம் வெளுக்கும்வரை நாலைந்து தடவை செய்ய வேண்டும். கடைசித் தடவை மழைத்தண்ணீரில். கடையில் நார்க்கழிவுக் கட்டி வாங்கினாலும் இதே கதைதான்.

தொட்டியின் அடியில் ஓட்டை தாராளமாக இருக்க வேண்டும். மேலே ஊற்றினால் அடியில் வழிய வேண்டும். அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்கக் கூடாது. ஈரம் பிடிக்கும் செடி என்றவுடன் தண்ணீரில் உட்கார வைத்துவிடுகிறோம். மிதக்கும் செடிக்குத் தண்ணீர்தான் வீடு. குடுவைச் செடிக்கு ஈரக்காற்று வேண்டும், வேருக்கு மூச்சும் வேண்டும்.

ஈரக்காற்றுக்கு அசோலா தொட்டி ஒரு விதத்தில் உதவியது என்பதையும் சொல்ல வேண்டும். தொட்டிக்கு மேலே, அதே நிழல்வலைக்குக் கீழே, கம்பு கட்டிச் செடிகளைத் தொங்கவிட்டோம். கீழே தண்ணீர் இருப்பதால் அங்கே காற்று எப்போதும் கொஞ்சம் குளிர்ச்சி. தண்ணீரை எடுத்து ஊற்றியதுதான் கெடுத்தது, தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பது நல்லதுதான். ஆனால் மேலே ஊற்றும்போது வழியும் தண்ணீர் கீழே அசோலாவில் விழலாம், கீழே சாணி கரைக்கும்போது மேலே தெறிக்கக் கூடாது.

வெளிச்சமும் வேண்டும். அடர்ந்த நிழலில் வைத்தால் இலை பெரிது பெரிதாக வரும், குடுவை வராது. சுடும் வெயிலில் வைத்தால் இலை சிவந்து கருகும். காலை வெயில் இரண்டு மணி நேரம், மற்ற நேரம் வலைக்குக் கீழே என்றால் சரி. குடுவை ஒவ்வொன்றும் சில மாதம் இருந்து தானாகவே மேலிருந்து காயும். அது நோய் அல்ல, காய்ந்த பகுதியை மட்டும் வெட்டிவிடலாம். உள்ளே இருக்கும் நீரை அழுக்கு என்று கொட்டிவிடாதீர்கள், அது செடியின் சொந்தச் சாறு. வண்டியில் வரும்போது கொட்டிப் போயிருந்தால் கால் பங்குக்கு மழைத்தண்ணீர் விடலாம். உணவு நாம் கொடுக்க வேண்டியதே இல்லை. எறும்பில்லாத ஊர் எது? நர்சரிக்கு வந்த ஒரு பையன் ஆட்டுக்கறித் துண்டைப் போட்டுவிட்டுப் போனான். மூன்றே நாளில் அந்தக் குடுவை அழுகி நாறியது.

என்ன வகை, சட்டம் என்ன

நம் குழு வாங்கியது வென்ட்ராட்டா என்ற கலப்பு வகை. தாய் தகப்பன் இரண்டும் பிலிப்பைன்ஸ் நாட்டு வகைகள். வெட்டுக்குச்சியிலிருந்து நர்சரிகளில் பெருக்குவது. சூடு கொஞ்சம் தாங்கும், அதனால்தான் நமக்கு ஒத்துவருகிறது.

மேகாலயா வகை வேறு கதை. அங்கே காசி மக்கள் அதைப் பேய்ப்பூ என்ற பொருளில் சொல்கிறார்கள், காரோ மக்கள் பேயின் கூடை என்கிறார்கள். காட்டிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி அது அருகிப் போனது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் காக்கப்பட வேண்டிய தாவரங்களின் பட்டியலில் அது இருக்கிறது. உரிமம் இல்லாமல் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். ஏற்காட்டில் பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியா தோட்டத்தில் அதை வளர்த்துவருகிறார்கள். அது அரசு நிறுவனம், ஏற்காடும் சுமார் 1,500 மீட்டர் உயரம், குளிர் இருக்கிறது. "மேல ஏற்காட்டுல இருக்கு, நம்ம கீழ வளத்தா என்ன" என்று யாரும் நினைக்க வேண்டாம். சட்டமும் விடாது, வெயிலும் விடாது. எந்த வகை வாங்கினாலும் வகையின் பெயர் எழுதிய பில் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரவழைத்துத் தருகிறேன் என்று போனில் வரும் ஆட்களிடம் பணம் கட்டாதீர்கள். குடுவைச் செடிகள் எல்லாமே சைட்டீஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன, அனுமதிக் காகிதம் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது.

கடன் என்னாயிற்று

இதைக் கேட்காமல் நீங்கள் பக்கத்தைத் திருப்ப மாட்டீர்கள் என்று தெரியும்.

கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேச்சு நடந்தது. கடன் எடுத்த ஐந்து பேரும், "மேடம் எழுதுனதத்தானே செஞ்சோம், குழு முழுக்க நட்டத்தப் பங்கு போட்டுக்கணும்" என்றார்கள். இன்னொரு பக்கமிருந்து ஒரு அக்கா, "செடி வித்து லாபம் வந்திருந்தா எங்களுக்குப் பங்கு குடுத்திருப்பீங்களா?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பாதிப் பணத்தை நான் தருகிறேன் என்றேன். தலைவி அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "நீ காசு குடுத்தா இது நம்ம ஊரோட முடிஞ்சுபோகும் கண்ணு. எங்க தப்பு உன் தப்பு ரெண்டையும் புத்தகத்துல எழுது, மத்த குழுவெல்லாம் படிக்கட்டும்" என்றார். வட்டியைத் தள்ளுபடி செய்து, அசலை ஐந்து பேரும் ஆளுக்கு 1,680, மாதம் 168 ரூபாயாகப் பத்து மாதத்தில் கட்டுவதென்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தானது.

அந்த ஐந்து பேரில் ஒருவர் ஒற்றை மாடு வைத்துப் பிழைக்கிறவர். "அசோலா தின்ன மாட்டுப் பாலு காசுலதான் அசோலா தண்ணி கொன்ன செடிக்குக் கடன் கட்டறேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

தப்பித்த ஏழு செடியில் நாலாவது மாதம் முதல் குடுவை வந்தது. சுண்டுவிரல் அளவு. அதற்குள் ஒரு கட்டெறும்பு. இப்போது ஏழிலும் குடுவை இருக்கிறது. நன்றாக வளர்ந்த இரண்டு கொடியிலிருந்து, இரண்டு மூன்று கணு இருக்கும்படி வெட்டி, இலையைப் பாதியாகக் குறைத்து, ஈர மட்டைத் துண்டில் ஒன்பது குச்சி ஊன்றியிருக்கிறார்கள். வேர் பிடிக்க இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகும். ஆறு துளிர்த்திருக்கிறது. மூன்று கறுத்துவிட்டது. வாசலில் காரை நிறுத்திப் பெரிய செடியை விலைக்குக் கேட்கிறவர்களுக்கு இன்னும் கொடுக்கவில்லை. தாய்ச்செடி குறைந்தபட்சம் இருபது ஆனபிறகுதான் விற்பனை என்று ஐந்து பேரும் பேசிவைத்திருக்கிறார்கள்.

மழைத்தண்ணீருக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் ஓரத்தில் பைப் கட்டி, 500 லிட்டர் டிரம் இரண்டு வைத்திருக்கிறார்கள். மழை தொடங்கியதும் வரும் முதல் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் பிறகுதான் பிடிக்கிறார்கள், மேலே துணி கட்டி மூடி. ஏழு செடிக்கு நாளைக்கு மூன்று லிட்டர் தாராளம். ஆகவே ஒரு டிரம் கோடை முழுக்க வரும். செடி நூறானால் வராது. புது முதலீடு செய்ய நினைக்கிற குழுக்கள் செடி விலையைக் கேட்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏசி ஓடுகிற கடை பக்கத்தில் இருந்தால் அதிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் உப்பில்லாததுதான், சுத்தமான பாத்திரத்தில் பிடித்தால் ஆகும்.

டிடிஎஸ் மீட்டர் ஒன்று கூட்டமைப்பு அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் போர் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், அசோலா தொட்டித் தண்ணீர் மூன்றையும் தனித்தனி பாட்டிலில், ஊர்ப் பெயர் எழுதி ஒட்டிக் கொண்டுவாருங்கள். அளந்து உங்கள் குழுப் பதிவேட்டிலேயே எழுதித் தருகிறேன்.